நானூறு வளைவும் ஒரு மூட்டுக் காய்ச்சலும்

ரீயூனியன் தீவில் ஆகஸ்ட் மாதம் கரும்பு வெட்டு. சாலையெங்கும் டிராக்டர்கள் மலைமலையாகக் கரும்பை ஏற்றிக்கொண்டு போகின்றன. சான்தாந்த்ரே ஊருக்குள் நுழையும்போதே புவா ரூஜ் சர்க்கரை ஆலையின் பாகு வாசனை கார் கண்ணாடியைத் தாண்டி வந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டது. மதுரையிலிருந்து அலங்காநல்லூர் ஆலைப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும் அந்த வாசனை. ஆனால் பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் கக்கத்தில் ஒரு முழ நீளத்துக்கு ரொட்டி வைத்திருந்தார்கள். பெட்டிக்கடையில் யூரோவில் விலை. கார் ரோட்டின் வலது ஓரத்தில் ஓட, எதிரே லாரி வரும்போதெல்லாம் நான் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தேன்.

மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்துமாக் கடலின் நடுவில் கிடக்கிற தீவு. மதுரை மாவட்டத்தைவிடச் சின்னது. 2,512 சதுர கிலோமீட்டர்தான். ஆனாலும் இது பிரான்ஸ். காலனியும் இல்லை, நட்பு நாடும் இல்லை. பாரிஸ் எப்படி பிரான்ஸோ அப்படியே இதுவும். அந்த பிரான்ஸில் தபால் பெட்டிகளில் ராமசாமி, முத்துசாமி என்று எழுதியிருந்தால் எப்படி இருக்கும்! 1848இல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பல் ஏற்றிக் கொண்டுபோகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள். ‘மலபார்’ என்றுதான் இங்கே அவர்களுக்குப் பெயர். பேச்சு கிரியோல், படிப்பு பிரெஞ்சு, தமிழ் கோவில் மந்திரத்தோடு சரி. கொலோஸ் கோவிலின் கோபுரத்தைப் பார்த்ததும் என்னையறியாமல் செருப்பைக் காருக்குள்ளேயே கழற்றிவிட்டேன். நான் தங்கப்போன வீட்டு அக்கா சிரித்துவிட்டார்.

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். ஒருமுறை மீனாட்சி கோவிலுக்கு வந்தபோது பழக்கம். அவருடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் கைகோத்துக்கொண்டுதான் நடக்கும். ஒன்று தடுக்கினால் இரண்டும் விழும். அவர் வீட்டுப் புழக்கடையில் விறகு அடுப்பு. முருங்கைக்கீரையை உருவிப்போட்டு, கறிவேப்பிலையை ‘கலுபிலே’ என்று சொல்லிக்கொண்டே கிள்ளிப்போட்டு, மஞ்சள் மணக்க ஒரு கோழிக் குழம்பு. கூட ஒரு மிளகாய்த் துவையல். காரம் உச்சந்தலையில் ஏறியது. மதுரை வில்லாபுரத்துக்காரன் காரத்துக்கு அசரக்கூடாது என்று கண்ணைத் துடைக்காமல் சமாளித்தேன்.

சாப்பிட்டுக் கை கழுவப் போனபோதுதான் தோட்டத்தைக் கவனித்தேன். பூந்தொட்டிக்கு அடியில் ஒரு தட்டுக்கூட இல்லை. வாளிகள் எல்லாம் கவிழ்ந்து கிடக்கின்றன. நாய்க்குத் தண்ணீர் வைக்கிற கிண்ணம் மட்டும் நிமிர்ந்திருக்கிறது, அதையும் தினம் கொட்டித் தேய்ப்பாராம். வருகிற வழியில் கடலோரக் கல்லறைத் தோட்டத்தில் பூச்சாடிகளில் தண்ணீருக்குப் பதிலாக ஈரமணல் நிரப்பியிருந்ததைப் பார்த்து, இது என்ன பிரெஞ்சுச் சடங்கோ என்று நினைத்திருந்தேன். சடங்கு இல்லையாம். சிக்குன்குனியாக் கொசு முட்டையிடாமல் இருக்கவாம்.

எனக்கு வாய் பிளந்துவிட்டது. ஐரோப்பியச் சம்பளம், ஐரோப்பிய ஆஸ்பத்திரி, தெருவில் ஒரு சாக்கடை கண்ணில் படவில்லை. இங்கே எங்கிருந்து நம்ம ஊர்க் காய்ச்சல்?

அக்கா சொன்ன கணக்கு இது. 2005இல் பக்கத்துக் கோமரோஸ் தீவுகளிலிருந்து வந்து சேர்ந்தது. முதல் குளிர்காலத்தில் அடங்கிப்போனதுபோல் இருந்தது. மழைக்காலம் வந்ததும் வெடித்தது. 2006 பிப்ரவரித் தொடக்கத்தில் ஒரே வாரத்தில் 45,000 பேருக்கு மேல். மொத்தத்தில் சுமார் 2,66,000 பேர். தீவின் ஜனத்தொகையோ எட்டு லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு. மூன்றில் ஒருவர் படுக்கையில்! பள்ளிக்கூடம், தபால், கரும்புத் தோட்டம் எல்லாம் நொண்டின. ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்கிறவர்களே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

அந்த நடை எனக்குத் தெரியும். அதே 2006இல் வில்லாபுரத்தில் எங்கள் தெரு முழுக்க அந்த நடைதான். இந்தியாவில் அந்த வருஷம் சந்தேக நோயாளிகள் மட்டும் 13 லட்சத்தைத் தாண்டினார்கள். காலையில் நன்றாக இருந்த ஆள் மத்தியானம் குளிர் நடுங்க விழுவார். காய்ச்சல் விறுவிறுவென்று 102, 103 என்று ஏறும். அது பாதி, மூட்டுதான் மீதி. மணிக்கட்டு, கணுக்கால், விரல் முட்டிகள், அதுவும் ஒரு கை ஒரு கால் என்றில்லை, இரண்டு பக்கமும் ஒன்றாகப் பிடிக்கும். பல் துலக்கக் குழாயைத் திருக முடியாது. சட்டைப் பித்தான் போட முடியாது. பூக்கட்டிப் பிழைக்கிற பெண்கள் நாரை விரலில் சுற்ற முடியாமல் மல்லிகையை உதிரியாகவே கொடுத்தார்கள். இந்தியன் கக்கூஸில் உட்கார்ந்தவரை எழுப்ப வீட்டில் இரண்டு பேர் வேண்டியிருந்தது. ரெண்டு மூன்று நாளில் மார்பிலும் கையிலும் சிவப்புத் தடிப்பு, கண் சிவப்பு, சிலருக்கு வாய்ப்புண். ஒரு வாரத்தில் காய்ச்சல் இறங்கிப் போன பிறகு மூக்கின் மேல் கறுப்பு படியும். டாக்டரிடம் போகாதவருக்கும் எதிர்வீட்டு ஆத்தா தீர்ப்புச் சொல்லிவிடும்: “மூக்குக் கறுத்துருச்சுல்ல, சிக்குன்குனியாதேன்.” மருத்துவப் புத்தகங்களிலும் அந்த மூக்குக் கறுப்பு பிறகு ஏறிவிட்டது. ஆத்தாவின் பெயர்தான் ஏறவில்லை.

இதையெல்லாம் நான் நடித்துக் காட்டக் காட்ட, உள்ளே சாய்வு நாற்காலியில் இருந்த அக்காவின் அம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். எண்பதைத் தாண்டிய கிழவி. என் மொழி ஒரு சொல் புரியவில்லை. நடிப்பு மட்டும் முழுக்கப் புரிந்துவிட்டது. எழுந்து வந்து தன் வலது கையை நீட்டினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டன.

அந்த இரண்டு விரல்தான் அவருக்குச் சோறு போட்டது. வனிலா தோட்டத்தில் வேலை. வனிலா கொடிக்கு இந்தத் தீவில் மகரந்தம் சேர்க்கிற பூச்சி கிடையாது. 1841இல் எட்மண்ட் அல்பியுஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், ஒரு குச்சியும் கட்டைவிரலும் வைத்துப் பூவுக்குள்ளே இருக்கிற மெல்லிய மடலைத் தூக்கி மகரந்தத்தை ஒட்டவைக்கக் கண்டுபிடித்தான். உலகத்து வனிலாவில் ஏறக்குறைய எல்லாம் இன்றைக்கும் அந்தப் பையன் காட்டின வழியில்தான் காய்க்கிறது. பூ ஒரு காலை மட்டும்தான் விரிந்திருக்கும். அதற்குள் நூற்றுக்கணக்கில் தொட்டாக வேண்டும். 2006இல் விழுந்த பாட்டியால் அடுத்த பூக்காலத்திலும் அந்தக் குச்சியைப் பிடிக்க முடியவில்லை. அதோடு அந்த வேலை போயிற்று. இந்தத் தீவின் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், மூன்று ஆண்டுகள் கழித்தும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மூட்டு வலி போகவில்லை என்று அக்கா சொன்னார். காய்ச்சல் ஒரு வாரத்து விருந்தாளி. வலி வீட்டோடு குடி வந்துவிடும். “ஆளைக் கொல்லாது, ஒண்ணும் பண்ணாது” என்று நம் ஊரில் இதைத் தட்டிக்கழித்ததை நினைத்து எனக்கு எரிச்சலாக வந்தது. கொல்லவும் செய்தது: இங்கே 2006 முடிவதற்குள் சுமார் 250 இறப்புச் சான்றிதழ்களில் இந்த நோயின் பெயர் இருந்தது. பெரும்பாலும் வயதானவர்கள், சர்க்கரையும் இதயக் கோளாறும் உள்ளவர்கள்.

மறுநாள் விடியற்காலை தெற்கே கிளம்பினோம். பாட்டியும் வந்தார், ஸிலாவோஸ் வெந்நீர் ஊற்றில் குளிக்க வேண்டுமாம். சான்பெனுவா தாண்டி மலை ஏற ஏற, வாழையும் லிச்சியும் மறைந்து ஆள் உயரப் பெரணிச் செடிகள் வந்தன. மேகம் ரோட்டில் இறங்கிக் காருக்கு முன்னால் நடந்தது. மழையா பனியா என்று தெரியாத ஒரு ஈரம். அக்கா சர்வசாதாரணமாக ஒரு தகவலைப் போட்டார்: தீவின் எரிமலைப் பக்கம் ஃபோக் ஃபோக் என்ற இடத்தில் 1966 ஜனவரியில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை. உலக சாதனை, இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. நான் மனக்கணக்குப் போட்டேன். மதுரைக்கு ஒரு வருஷத்துக்கு 850 சொச்சம். ஆக, எங்கள் இரண்டு வருஷ மழையை ஒரே நாளில் கொட்டியிருக்கிறது வானம்! வைகையில் மணல் மட்டும் பார்த்து வளர்ந்தவனுக்கு இதை எங்கே வைத்து நம்புவது?

ப்ளேன் தே காஃப்ர் என்ற மேட்டில், 1,600 மீட்டர் உயரத்தில், காபி குடிக்க இறங்கினோம். ஆத்தாடி, குளிர்! காது மடல் எங்கே இருக்கிறது என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. புல்வெளியில் கொழுத்த பசுக்கள் மூக்கில் புகை விட்டபடி மேய்ந்தன. சில விடியல்களில் புல்லில் உறைபனி படியுமாம். கொடைக்கானலில் வாங்கிய ஸ்வெட்டர் என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்டது. காபிக்கடைக்காரர் நான் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டு, இந்தியா என்றதும், “அங்கே சூடுதானே, அதனால்தான் கொசு” என்றார். சூடு மட்டும் காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும், எடுத்துச் சொல்லத்தான் பிரெஞ்சு இல்லை.

காருக்குள் ஏறிய பிறகு அக்காவிடம் கொட்டித் தீர்த்தேன். இந்தக் காய்ச்சலை முதன்முதலில் இனம் கண்டது 1952–53இல், இன்றைய டான்சானியாவின் மகொண்டே பீடபூமியில். 1963இல் கல்கத்தா, 1964இல் சென்னை, வேலூர். அப்புறம் இந்தியாவில் முப்பது வருஷத்துக்கும் மேல் ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது. 2004இல் கென்யாவின் லாமு தீவில் திரும்பத் தலைகாட்டியபோது அங்கே மழையே இல்லை, வறட்சி. ஜனங்கள் கிடைத்த தண்ணீரை வீட்டுக்குள் பானையிலும் தொட்டியிலும் நாள்கணக்கில் சேர்த்து வைத்தார்கள். கொசு அதில் முட்டையிட்டது. லாமுவில் முக்கால்வாசிப் பேரைப் பிடித்தது. அந்த வம்சத்து வைரஸ்தான் கோமரோஸ் வழியாக இங்கேயும், கடல் தாண்டி எங்கள் பக்கமும் வந்தது. வில்லாபுரத்தின் கதை லாமுவின் கதை. தண்ணீர் இல்லாததால் வந்த கொசு. இங்கேயோ தண்ணீர் வழிந்து வந்த கொசு. அக்கா ஸ்டியரிங்கை விட்டு ஒரு கையைத் தூக்கி, “அப்படியானால் கொசுவுக்கு எதுவும் லாபம்தான்” என்றார். எதிரே பள்ளத்தாக்கு. தயவுசெய்து இரண்டு கையாலும் ஓட்டுங்கள் என்று கெஞ்சினேன்.

சான்பியேரில் ஆஸ்பத்திரியை வெளியிலிருந்து காட்டினார். மருத்துவ உலகம் அதுவரை அறியாத ஒன்று அந்தப் பெருந்தொற்றின்போது இங்கேதான் தெளிவாகத் தெரிந்தது: பிரசவ நேரத்தில் தாயின் ரத்தத்தில் வைரஸ் இருந்தால் குழந்தைக்கும் போகும். அப்படிப்பட்ட 39 பிரசவங்களில் 19 குழந்தைகளுக்கு வந்தது. பிறக்கும்போது பூவாட்டம் இருக்கும். மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் காய்ச்சல், பால் குடிக்காது, கைகால் வீங்கும், தொட்டால் வலியில் அலறும். சில குழந்தைகளுக்கு மூளை வரை போய்விட்டது. சிசேரியன் செய்தும் தடுக்க முடியவில்லை. அக்கா இதைச் சொல்லும்போது மட்டும் இங்கிலீஷை விட்டுவிட்டு பிரெஞ்சுக்குப் போய்விட்டார். நான் புரிந்த மட்டும் கேட்டுக்கொண்டேன்.

கொசுவும் வேறு. எங்கள் ஊரில் வீட்டுக்குள் அலமாரிக்குப் பின்னால் குடித்தனம் நடத்துகிற ஏடிஸ் எஜிப்டி. இங்கே தோட்டத்தில் வாழும் புலிக்கொசு, ஏடிஸ் அல்போபிக்டஸ். உடம்பெல்லாம் வெள்ளைக் கோடு. இரண்டும் பகலில் கடிப்பவை, காலையிலும் சாயங்காலமும் மும்முரமாக. புலிக்கொசுவின் உடம்பில் இந்த வைரஸ் அவ்வளவாக வளராது என்றுதான் நம்பியிருந்தார்கள். ஆனால் தீவில் நோய் பரவிய சில மாதங்களுக்குள், வைரஸின் மேலுறைப் புரதத்தில் 226ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிப்போனது. அலனின் இருந்த இடத்தில் வேலின். அந்தச் சின்ன மாற்றத்தில் புலிக்கொசு இதற்கு முதல்தரமான வாகனமாகிவிட்டது. 2007இல் கேரளத்து ரப்பர் தோட்டப் பக்கமும் இதே மாற்றத்தைக் கண்டார்கள். மதுரை சின்னச் சொக்கிக்குளத்தில் மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம் என்ற போர்டை எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன். உள்ளே இந்த மாதிரி துப்பறியும் வேலை நடக்கும் என்று யார் கண்டது!

ஸிலாவோஸுக்கு ஏறுகிற ரோட்டுக்கு ‘நானூறு வளைவு’ என்று பெயர். எண்ணத் தொடங்கினேன், குடல் எண்ண விடவில்லை. ஒரு கார் மட்டும் நுழைகிற இருட்டுக் குகைப்பாதை, ஹாரன் அடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு (நான்தான், அக்கா இல்லை) நுழைய வேண்டும். மேலே போனால் சுற்றிலும் செங்குத்து மலைச்சுவர், தலைக்கு மேல் 3,000 மீட்டரைத் தாண்டிய பித்தோன் தே நேய்ழ் சிகரம், நடுக்கிண்ணத்தில் ஊர். சாப்பாட்டுக்கு அந்த ஊர் மைசூர்ப் பருப்புக் கூட்டு. பிரான்ஸ் முழுக்கப் பேர் போனதாம். நம் வீட்டில் அவசரத்துக்கு வைக்கிற பருப்பை இங்கே தட்டில் கொண்டுவந்து வைக்கும்போது பரிமாறுகிறவர் முகத்தில் ஒரு பெருமிதம்.

வெந்நீர் ஊற்றுக் குளியல் நிலையத்தில் முடக்குவாதத்துக்குத்தான் முக்கால்வாசிப் பேர் வருகிறார்கள். பாட்டியோடு தொட்டியில் இறங்கியவர்களில் பாதிப்பேர் 2006 ஆட்கள் என்று அக்கா அறிமுகம் செய்தார். தண்ணீர் வியாதியைத் தீர்க்காது. இந்த வைரஸுக்கென்று மருந்தே கிடையாது. பாராசிட்டமால், ஓய்வு, தண்ணீர் நிறைய. டெங்கு இல்லை என்று உறுதியாகிற வரை ஆஸ்பிரின், புரூஃபென் கூடாது, ரத்தக்கசிவு வந்துவிடும். இரண்டு காய்ச்சலும் ஒரே கொசுவில் வருவதால் முதல் வாரத்தில் ஆளைக் குழப்பும். மூட்டு வீங்கினால் சிக்குன்குனியா பக்கம் சாய்வார்கள், பிளேட்லெட் சரிந்து வயிற்றுவலி வந்தால் டெங்கு பக்கம். ரத்தப் பரிசோதனைதான் முடிவு. நாங்கள் 2006இல் நிலவேம்புக் கஷாயத்தைக் குடித்தோம். அந்தக் கசப்பை நினைத்தால் இன்றும் முகம் சுளிக்கிறது. கேட்டால், பாட்டியும் ஏதோ மலை இலையைக் காய்ச்சிக் குடித்தாராம். கஷாயம் குடித்தால் காய்ச்சலுக்கு எதிராக நாமும் ஏதோ செய்தோம் என்றிருக்கும். அதற்கு மேல் நான் அதை நம்புவதில்லை.

அன்று ராத்திரி இரண்டு கம்பளிக்குள் சுருண்டு கிடந்தேன். பாட்டி மட்டும் வெந்நீரில் ஊறிய விரல்களை மடக்கி மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டு உற்சாகமாக இருந்தார்.

சான்தாந்த்ரே திரும்பிய காலையில் சுகாதாரத் துறை ஆட்கள் வாசலில். பத்தொன்பது வருஷம் கழித்து 2025இல் நோய் மறுபடி பெரிதாக வந்து, ஜனவரியிலிருந்து மே முதல் வாரத்துக்குள் 47,500க்கும் மேற்பட்டவர்களுக்கு உறுதியாகி, 12 பேர் இறந்திருந்தார்கள். பாட்டிக்குத் திரும்ப வரவில்லை. ஒருமுறை வந்தவரை உடம்பு நெடுநாள் காப்பாற்றும். 2006க்குப் பின் பிறந்த பேரன் சரியாக மாட்டிக்கொண்டான். இடையில் ஒரு தடுப்பூசியும் வந்தது. முதியவர்கள் சிலருக்குக் கடுமையான பக்கவிளைவு தெரியவே, அவர்களுக்குப் போடுவதை நிறுத்திவிட்டார்கள். ஆக, மறுபடியும் வாளி கவிழ்க்கிற வேலைதான்.

வந்தவர்களில் ஒரு இளைஞன், நான் இந்தியாவிலிருந்து என்றதும் அட்டையை மூடிவிட்டு ஆர்வமாகக் கேட்டான்: “உங்கள் வீட்டில் தண்ணீர் எதிலெல்லாம் நிற்கும்?” அக்கா மொழிபெயர்க்க, நான் சொல்ல ஆரம்பித்தேன். வாசலில் தரைக்கடியில் சம்ப். மாடியில் சின்டெக்ஸ். பாத்ரூமில் சிமென்ட் தொட்டி. புழக்கடையில் 200 லிட்டர் நீல டிரம் இரண்டு. அடுப்படியில் அண்டா, எவர்சில்வர் குடங்கள், பிளாஸ்டிக் குடங்கள். அவன் கண் விரிந்துகொண்டே போனது. “எதற்கு இவ்வளவு? குழாய் இல்லையா?”

குழாய் இருக்கிறது தம்பி, தண்ணீர் வருவதற்குத்தான் நாள் நட்சத்திரம் உண்டு. எங்கள் வில்லாபுரத்தில் தண்ணீருக்காகக் கொலையே விழுந்திருக்கிறது என்றேன். ஜனங்களுக்குக் குடிதண்ணீர் கேட்டுப் போராடிய மார்க்சிஸ்ட் கவுன்சிலர் லீலாவதியை 1997 ஏப்ரல் 23 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். அப்படிப்பட்ட ஊரில் வந்த தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டு என்று எந்த அதிகாரி வந்து சொன்னாலும் யார் கேட்பார்கள்?

அக்கா இதை மொழிபெயர்த்து முடிக்க நேரம் பிடித்தது. பையன் கவிழ்ப்பதைப் பற்றி அப்புறம் பேசவில்லை. டிரம் காலியாகிற அன்றைக்கு உள்சுவரை நாரால் தேய்க்கச் சொன்னான். முட்டை தண்ணீரில் மிதக்காது, நீர்மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் மறுபடி நனைந்தால் பொரியும். எங்கள் தெருவுக்கு வருகிற கொசு ஒழிப்புப் பணியாளர் அக்காக்கள் அபேட் மருந்து ஊற்றுவார்கள், அவர்கள் தெருமுனை திரும்பியதும் வாடை பிடிக்காமல் சிலர் கொட்டிவிடுவார்கள் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். இங்கேயும் அதேதானாம்: அவன் நிற்கும்போது தட்டைக் கவிழ்ப்பார்கள், சாயங்காலம் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது திரும்பவும் நிமிர்த்திவிடுவார்கள்.

போகும்போது பேனாவை நீட்டி, அந்த நீல டிரம்முக்கு மூடி எப்படியிருக்கும் என்று வரைந்து காட்டச் சொன்னான். வரைந்தேன். மொண்டு எடுக்கிற செம்பு உள்ளேயே கிடப்பதால் மூடி ஒரு பக்கம் எப்போதும் தூக்கிக்கொண்டு நிற்கும். அதையும் சேர்த்து வரைந்தேன். அவன் அந்த இடைவெளியைப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டு, செம்பைத் தொங்கவிட வெளியே ஒரு கொக்கி வரைந்து கொடுத்தான்.